அப்பாவுக்கும் ஒரு கிளாஸ்

ஏப்ரல் மாதத்தில் வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. என்ன பேசலாம் என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. "உங்க ஊர்ல வெயில் எப்படி?" என்று ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால் போதும், தொலைபேசி ஓயாது. அன்றைக்கு அதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்டேன். "இந்த வெயிலுக்கு என்ன குடிக்கிறீங்க?"

சிராப் பண்டோங், ஐஸ் மைலோ, கரும்புச் சாறு, ஐஸ் லீமாவ், இளநீர் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த எனக்கே நாக்கு ஊறியது. நடுவில் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "எனக்கு இனிப்பு நீர்ம்மா. எல்லாரும் கலர் கலரா குடிப்பாங்க. நமக்குப் பச்சத் தண்ணி. கல்யாணத்துக்குப் போனாலும் பச்சத் தண்ணி, பொறந்தநாளுக்குப் போனாலும் பச்சத் தண்ணி" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் காதிலேயே நின்றது. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒரு பச்சைத் தண்ணீர்க்காரர் இருக்கிறார்.

என் அப்பா கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இப்போது தானா ராத்தாவில் ஓய்வாக இருக்கிறார். இனிப்பு நீர் வந்து பதினைந்து வருடம். போன வருடம் வலது கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், காலைத் தினமும் பார்த்துக் கழுவுகிறார், சோற்றைக் குறைத்துவிட்டார். ஆனால், போன தீபாவளியன்று ஒரு காட்சி பார்த்தேன். விருந்தாளிகள் எல்லாரும் முன்வாசலில் இருக்க, அப்பா அடுப்படியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன பண்டோங் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து மடக்மடக் என்று குடித்துக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் கிளாஸைத் தொட்டியில் வைத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

எழுபது வயதை நெருங்கும் மனிதர் சொந்த வீட்டில் திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டவும் மனம் வரவில்லை. பார்க்காத மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் இந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போகும்போது ஒரு முடிவோடு போனேன். எல்லாரும் குடிக்கும் ஒரே ஜக்கிலிருந்து அப்பாவுக்கும் ஒரு கிளாஸ் ஊற்ற வேண்டும். அவருக்கென்று தனியாக ஒன்று, மற்றவர்களுக்கு வேறு ஒன்று என்ற பேச்சே இருக்கக் கூடாது.

ஸ்வெட்டர் ஊரில் குளிர்பானம்

தானா ராத்தாவிலிருந்து குளிர்பானம் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மலாயில் 'தானா ராத்தா' என்றால் சமதளம் என்று அர்த்தம். தாப்பாவிலிருந்து அத்தனை வளைவையும் தாண்டி, வயிற்றைக் கலக்கிக்கொண்டு வந்து இறங்கும்போது 'அப்பாடா, தரை' என்று தோன்றுமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. சமவெளியிலிருந்து வருபவர்கள் இங்கே ஸ்வெட்டர் வாங்குவார்கள். நாங்கள் சின்ன வயதில் ஐஸ் கேட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார்.

ஆனால், மலை வெயிலை லேசாக எடை போடாதீர்கள். காற்று குளிரும், வெயில் மட்டும் தோலைச் சுடும். தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கீழே இருப்பவர்கள் கதையோ தனி. நம் நாட்டில் கோடைக்காலம் என்று பெயர் வைத்து ஒரு பருவம் கிடையாது. இருந்தாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே பெர்லிஸ், கெடா பக்கம் எல்லாம் காய்ந்துபோகும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாட்களில் தாகத்துக்குக் கையில் கிடைத்ததைக் குடித்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு டின்னின் கணக்கு

2023ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே நிலைமை இதைவிட மோசம் என்பது நம் உறவுக்காரர்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் இன்சுலின் பேனாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஓர் அளவு சொன்னது. உணவிலும் பானத்திலும் நாம் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று. தேக்கரண்டிக் கணக்கில் ஆறு. கடையில் வாங்கும் 320 மில்லி கோலா டின் ஒன்றிலேயே 34 கிராம் வாக்கில் இருக்கும். ஒரு டின், ஒரு நாள் கணக்கு காலி.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024இல் அது 50 சென் ஆனது. 2025இல் 90 சென் ஆகிவிட்டது. ஆனால், பழச்சாறு என்று வந்தால் அந்த 5 கிராம், 12 கிராமாகத் தளர்ந்துவிடுகிறது. பெட்டியில் வரும் ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அது பழத்தின் சொந்தச் சர்க்கரைதான், யாரும் அள்ளிக் கொட்டியதில்லை. ஆனால், இரத்தத்துக்குள் போனபின் அது தன் குலம் கோத்திரம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. மூன்று ஆரஞ்சை உரித்து உட்கார்ந்து சாப்பிட்டால் வயிறு போதும் என்று சொல்லிவிடும். அதையே பிழிந்தால் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும், நாரும் இருக்காது.

'நான் சர்க்கரையே போடறதில்ல, தேன்தான்' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான். குலா மெலாக்காவும் அப்படியே. வாசனை அருமை, கணக்கு ஒன்றுதான்.

முதல் ஜக் சொதப்பல்

இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் முதல் ஜக்கைச் சொதப்பினேன்.

பிரிஞ்சாங் சந்தையில் ஸ்டிராபெரி, அன்னாசி, ஆரஞ்சு எல்லாம் வாங்கி வந்தேன். நம் வீடுகளில் 'ஃபுரூட் காக்டெயில்' என்றாலே தகர டின்தான் ஞாபகத்துக்கு வரும். ஜீராவில் மிதக்கும் பீச்சு, பேரிக்காய், திராட்சை, அன்னாசி, நடுவில் ஒரே ஒரு சிவப்புச் செர்ரி. அந்தச் செர்ரிக்கு நானும் தம்பியும் போட்ட சண்டை கொஞ்ச நஞ்சமல்ல. பிறகுதான் படித்தேன், அமெரிக்க உணவுத் தர விதியே அந்த டின்னில் செர்ரி 2 முதல் 6 விழுக்காடுதான் இருக்கலாம் என்கிறதாம். எங்கள் சண்டைக்கு வாஷிங்டன் காரணம்!

அந்த ருசிதான் மனதில் இருந்தது. எல்லாப் பழத்தையும் ஐஸோடு பிளெண்டரில் போட்டு ஓட்டினேன். இளஞ்சிவப்பு நுரை பொங்கி வந்தது. குடித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன். இன்னும் சப். இன்னும் இரண்டு. பால் ஊற்றினால் பண்டோங் மாதிரி வருமோ என்று ஊற்றினேன். திரிந்ததோடு ஒரு கசப்பும் சேர்ந்துகொண்டது. பச்சை அன்னாசியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. பாலோடு சேர்த்து வைத்தால் கசக்கும். டின் அன்னாசி சூடுபட்டது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னாம்மா இது?" என்றார்.

"காக்டெயில்ம்மா."

அம்மாவின் முகம் மாறியது. "சாராயமா?"

சாராயம் இல்லை என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். சம்சு குடித்துவிட்டு வரும் தாத்தாவுக்குப் பயந்து பக்கத்து வீட்டில் படுத்த ராத்திரிகள் அவருக்கு உண்டு. அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. 'பழத் தண்ணி' என்றே எல்லாரும் சொன்னோம்.

அந்த ஜக்கில் சர்க்கரை போட்டும் ஏன் ருசி வரவில்லை? குளிர் நாக்கை மந்தமாக்கும். ஒரே அளவு சர்க்கரை வெதுவெதுப்பாக இருக்கும்போது அதிகமாக இனிக்கும், ஐஸாக இருக்கும்போது குறைவாகத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமை நக்கிப் பார்த்தால் திகட்டுவது இதனால்தான். குளிர்பானத்தை இனிப்பை வைத்து ருசியாக்கப் பார்த்தால் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். என் ஜக்கில் குறைந்திருந்தது சர்க்கரை அல்ல. புளிப்பு இல்லை, உப்பு இல்லை, நாக்கில் லேசாகப் பிடிக்கும் துவர்ப்பு இல்லை. இனிப்பைத் தூக்கிக் காட்ட எதிராளி வேண்டும். நம் பானகத்தை நினைத்துப் பாருங்கள். வெல்லம் மட்டும் கரைத்தால் அது பானகமா? எலுமிச்சை, சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு விழுந்தபின்தானே தைப்பூசப் பந்தலில் இரண்டாவது டம்ளர் கேட்கிறோம்.

துவர்ப்புக்கு எங்கே போவது என்று யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க அதுதான்.

அப்பாவின் தொழில்

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த மலையின் கதையும் தமிழர்களின் கதையும் தேயிலையோடு பின்னிக் கிடக்கின்றன. காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளி, தொழிற்சாலையில் வாட்டி உருட்டியவர்கள் நம்மவர்கள். இன்றைக்குத் தேயிலை வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கிள்ளுகிற கை போய், வெட்டுகிற கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. அப்பாவைப் போன்றவர்களிடம் அந்தக் கைப்பழக்கம் மூக்கிலும் நாக்கிலும் மிச்சம் இருக்கிறது.

"தேத்தண்ணியைப் போட்டு ஆறவச்சு, பழத்துல ஊத்தலாமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சுடச்சுடப் போட்டு ஐஸ்பெட்டியில வச்சா கலங்கிடும். பச்சத் தண்ணியில போடு. ராத்திரி போட்டா காலையில எடுக்கலாம்."

உண்மைதான். கொதிநீரில் போட்ட தேநீர் குளிரும்போது அதிலுள்ள கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேற்றுத் தண்ணீர் மாதிரி மங்கிவிடும். குளிர்ந்த நீரில் மெதுவாக ஊறும்போது வாசனை இறங்கும், கடும் கசப்பு குறைவாகவே இறங்கும், நிறமும் கண்ணாடி மாதிரி இருக்கும். கோலாலம்பூர் கஃபேக்களில் 'கோல்ட் புரூ' என்று பெயர் வைத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு விற்பதும் இதுதான். எங்கள் அப்பா பேப்பர் படித்துக்கொண்டே இலவசமாகச் சொன்னார்.

"தூளு போடாத, இலையாப் போடு. வடிக்கும்போது பிழியாத" என்று இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்றும் சொன்னார். அன்று ராத்திரி தேயிலையை அளந்து போட்டவரும் அவர்தான். கரண்டி எல்லாம் வேண்டாம் என்று விரல்களால் அள்ளினார். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். பத்து கிராமுக்கு ஒரு கிராம் கூட.

இரண்டாவது ஜக்

செய்முறையை அவசரப்படாமல் சொல்கிறேன். ஏழு கிளாஸுக்கு உண்டான அளவு இது.

முதல் நாள் ராத்திரி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் பத்து கிராம் தேயிலை இலையைப் போட்டு மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள். வெளியே வைக்காதீர்கள், நம் தட்பவெப்பத்துக்கு அது பாதுகாப்பில்லை. பொட்டலத் தேயிலை என்றால் ஐந்து பொட்டலம். எட்டு மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். அப்பா சொன்ன மாதிரி, பிழியாமல்.

காலையில் 350 கிராம் ஸ்டிராபெரி எடுத்துக்கொள்ளுங்கள். காம்பும் இலையும் இருக்கும்போதே ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் பழம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதில் நூறு கிராமைத் துடைத்து, முழுசாகவே ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். அதுதான் நம் ஐஸ் கட்டி. உருகினாலும் பானம் நீர்த்துப் போகாது, பிள்ளைகளுக்குக் கடைசியில் கடித்துச் சாப்பிட ஒன்று கிடைக்கும்.

மீதி 250 கிராமை நறுக்கி, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் தூவி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் சிவப்புச் சாறு நின்றிருக்கும். சர்க்கரை பழத்திலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக நசுக்கினால் போதும். பிளெண்டர் வேண்டாம். நுரை வரும், விதை அரைபட்டால் கசப்பும் வரும்.

அடுத்தது பேஷன் ஃபுரூட், நம் ஊர் மார்கிசா. கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை. ஐந்து பழத்தை வெட்டி உள்ளே இருப்பதை விதையோடு வழித்துப் போடுங்கள். வாசனைக்கு இதுதான் உயிர். இதோடு கஸ்தூரி லீமாவ் ஆறு பிழிந்து, ஆசாம் போய் ஒன்றே ஒன்று போடுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் அந்த ஒன்றையும் விட்டுவிடலாம், உப்பு அதில் அதிகம்.

எல்லாவற்றையும் ஜக்கில் போட்டு வடித்த தேயிலைத் தண்ணீரை ஊற்றினேன். கருஞ்சிவப்பாக இருந்த தேநீர், லீமாவ் புளிப்பு பட்டதும் பொன்னிறமாக வெளுத்தது. தம்பி மகள், "அத்தை, மேஜிக்!" என்று கத்தினாள். புளிப்பு பட்டால் தேநீரின் நிறம் இளகும். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் நான் மந்திரவாதி என்றே இருந்துவிட்டேன்.

அம்மா ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, "பானகத்துக்குப் போடற மாதிரி கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடு" என்றார். போட்டேன். அதுவரை நன்றாக இருந்தது, அதற்குப் பிறகுதான் முழுமையாக இருந்தது.

இப்போது கணக்கு. ஸ்டிராபெரியில் 100 கிராமுக்குச் சுமார் 5 கிராம் சர்க்கரைதான், பார்க்கும் அழகுக்கு அது சாதுவான பழம். 350 கிராமுக்குப் பதினேழு, மார்கிசாவுக்குப் பதினொன்று, நாம் போட்ட சர்க்கரை எட்டு, லீமாவுக்கு ஒன்று. மொத்தம் 37 கிராம். ஏறக்குறைய ஒரு கோலா டின்னில் இருக்கும் சர்க்கரை எங்கள் முழு ஜக்கிலும் பரவிக் கிடக்கிறது. ஒரு கிளாஸுக்கு ஐந்து கிராம் சொச்சம். பழத்தின் அளவும் இனிப்பும் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் கணக்கு தலைகீழாகாது.

சந்தையில், சமையலறையில்

மலைக்கு வருகிறவர்கள் ஸ்டிராபெரி வாங்கும்போது பெரிய பழமாகத் தேடுகிறார்கள். அளவு ஒன்றுமே இல்லை. கழுத்துவரை சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பறித்தபின் ஸ்டிராபெரி பழுப்பதில்லை, வெள்ளைத் தோள் வெள்ளையாகவே இருந்து அழுகும். அன்னாசியும் அப்படித்தான், வீட்டில் வைத்து இனிக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மார்கிசா நேர் எதிர். தோல் வழவழவென்று அழகாக இருப்பதைவிட, பாட்டி கன்னம் மாதிரி சுருங்கியிருப்பதே இனிக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகும் ஸ்டிராபெரியைக் கழுவாமல், டிஷ்யூ விரித்த டப்பாவில் வையுங்கள். காரின் பின்சீட்டில் வெயில் படும்படி வைத்தால் தாப்பா வந்து சேரும்போது ஜாமாகிவிடும்.

கீழே இருப்பவர்களுக்கு ஸ்டிராபெரி விலை கட்டுப்படியாகாது என்றால் விட்டுவிடுங்கள். தர்பூசணி எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் 100 கிராமுக்கு ஆறு கிராம்தான் சர்க்கரை. கொய்யாவும் நன்றாகப் பொருந்தும், கொஞ்சம் கனிந்ததை நசுக்கிப் போட வேண்டும். மாம்பழம் போட ஆசைதான், ஆனால் அதில் 14 கிராம் வாக்கில் இருக்கும். மேலே தூவ நாலு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். குமிழி வேண்டும் என்கிற இளவட்டங்கள் கடைசியில் வெறும் சோடா ஊற்றிக்கொள்ளட்டும். டானிக் வாட்டர் என்று எழுதியிருப்பதை எடுக்காதீர்கள். கசக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அதில் சர்க்கரை உண்டு. செலாசே விதை, நம் திருநீற்றுப்பச்சை விதைதான், கால் மணி நேரம் ஊறவைத்துப் போட்டால் கிளாஸ் பார்க்க நன்றாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஊறாத விதையைக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் உப்பிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெலிம்பிங், அந்த நட்சத்திரப் பழம், சாறாகப் பிழிந்து குடிக்க நம் நாட்டில் பலருக்குப் பிடிக்கும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அது விஷம். விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. இனிப்பு நீர் நீண்ட நாளாக இருப்பவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பலவீனமாகவே இருக்கும். எனவே பொது விருந்தில் வைக்கும் பழக்கலவையில் பெலிம்பிங் சேர்க்காமல் இருப்பதே நல்லது. யார் கிளாஸ் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தண்ணீரும் பழமும் எவ்வளவு என்று மருத்துவர் அளவு சொல்லியிருப்பார். என் ஜக்கும் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் வெற்றி பெற்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மேஜிக் பார்த்த அதே தம்பி மகள் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "பண்டோங் இல்லையா?" என்று கேட்டாள். தம்பி, "அக்கா, ஒரு டின் சுசு இருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பத்து வருடமாகக் கொடுத்துப் பழக்கிய இனிப்பை ஒரே மத்தியானத்தில் மாற்ற முடியுமா? அவளுக்குத் தேயிலை வேறு வேண்டாம் என்று, அடுத்த முறை தேயிலைக்குப் பதிலாகப் புதினா ஊறிய தண்ணீரில் செய்து கொடுத்தேன். அதில் பாதி குடித்தாள். பாதி என்பது எனக்கு அதிகம்தான்.

நான்கு மணி

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண் அசந்து எழுந்தபோது மணி நான்கு. முன்வாசலில் வெயில். அப்பா குளுக்கோமீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, "இரு, முதல்ல பார்த்துக்கறேன்" என்றார். அது என் யோசனை இல்லை. 7.4 காட்டியது. பிறகு எல்லாருக்கும் ஊற்றிய அதே கண்ணாடி கிளாஸில், அதே ஜக்கிலிருந்து, உறைந்த ஸ்டிராபெரி இரண்டு மிதக்க அவருக்கும் ஊற்றினேன். பெரியப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பழைய தொழிற்சாலைக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அவர்களோடு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மடக்காகக் குடித்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து 8.6. இது ஆராய்ச்சி இல்லை. ஒரு மனிதர், ஒரு மாலை. உங்கள் வீட்டில் இனிப்பு நீர்க்காரர் இருந்தால் அவருடைய மருந்தும் உடம்பும் வேறு. அவரும் முன்னும் பின்னும் விரலைக் குத்திப் பார்த்துக்கொள்வதுதான் சரி. ஒரு கிளாஸ் என்றால் ஒரு கிளாஸ். ஜக்கில் குறைவாக இருக்கிறது என்று நாலு கிளாஸ் குடித்தால் பழைய கணக்குக்குத்தான் போய்ச் சேருவோம்.

சாயங்காலம் பாத்திரம் கழுவப் போனபோது அப்பா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றது. அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் வடிகட்டிப் போட்ட தேயிலைச் சக்கையை விரல்களால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஏம்மா குப்பையில போட்ட? ரோஜாச் செடிக்குப் போட்டிருக்கலாம்ல" என்றார். பிறகு ஜக்கைத் தூக்கிப் பார்த்து, "நாளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட ஊறட்டும். துவர்ப்பு பத்தல" என்றார்.